ராஜி மாமிக்கு பிசிடி தேடியது

போன வாரம் ரீனா என் போனுக்கு ஒரு படிவம் அனுப்பியிருந்தாள். நான் பதினெட்டு வருஷம் உட்கார்ந்திருந்த ஸ்டோர் ரூம் நாற்காலியில் இப்போது அவள்தான் இருக்கிறாள். இனிமேல் வருகிறவர்கள் வீட்டிலிருந்தே போனில் உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு எல்லாம் தட்டிவிட வேண்டுமாம். கடலுக்குள் இறங்க மாட்டும் எந்த பிசிடி அவர்களுக்குச் சரி என்று போனே சொல்லிவிடுமாம். மொத்தம் பதினோரு கேள்விகள். பிடித்த நிறம் எது என்றுகூட ஒன்று இருந்தது. நிறம்! கடலுக்குள் ஐம்பதடி இறங்கினால் சிவப்பே பழுப்பாகத்தான் தெரியும், அதைப் போய்க் கேட்கிறார்கள். கடைசியில் ரீனா எழுதியிருந்தாள், "தீதி, ஏதாவது விட்டுப்போச்சா?"

விட்டுப்போயிருந்தது. ஒரே ஒரு கேள்வி. அதை நான் நல்லபடியாகக் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு பெண்மணியை நாலு பேர் முன்னால் திட்டிவிட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ரீனாவுக்குத் தமிழ் தெரியாது, அவளுக்கு வங்காளத்தில் வாயால் சொல்லிக்கொள்கிறேன். எழுதுவதென்றால் எனக்குத் தமிழில்தான் வரும்.

எங்களுடையது சின்ன இடம். லேக் கார்டன்ஸ் பக்கம் ஒரு கிளப்பின் நீச்சல் குளத்தைக் காலை வேளையில் வாடகைக்கு எடுத்து, ஸ்கூபா கற்றுக்கொடுத்தோம். கொல்கத்தாவில் கடல் ஏது என்று கேட்பீர்கள். கடல் இல்லை, ஆனால் துர்கா பூஜை முடிந்ததும் பாதி ஊர் அந்தமானுக்கு விமானம் ஏறிவிடும். அங்கே போய் முதல்முறையாக முகமூடி மாட்டிப் பதறுவதற்கு, இங்கேயே பன்னிரண்டடி ஆழத்தில் பதறிவிட்டுப் போகலாம் என்று வருவார்கள். அவர்களுக்கு பிசிடி தேர்ந்து மாட்டிவிடுவதும், அவற்றைப் பழுது பார்ப்பதும் என் வேலை.

பிசிடி என்பது கையில்லாத மேல்சட்டை மாதிரி இருக்கும். முதுகில் காற்று சிலிண்டரைத் தாங்கும், உள்ளே காற்றுப்பை. இடது தோளிலிருந்து ஒரு குழாய் தொங்கும், அதில் இரண்டு பொத்தான். ஒன்றை அமுக்கினால் சிலிண்டரிலிருந்து பைக்குள் காற்று ஏறும், மேலே வருவீர்கள். குழாயை உயர்த்திப் பிடித்து இன்னொன்றை அமுக்கினால் காற்று வெளியேறும், கீழே போவீர்கள். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் இது உடம்போடு ஒட்டவில்லை என்றால் மற்ற எல்லாமே கோணிக்கொள்ளும்.

நான் இந்த வேலைக்கு வந்ததே ஒரு மூக்குடைப்பில்தான். அப்பா ஹவுராவில் ரயில்வே குமாஸ்தா. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் ரயில்வே குவார்ட்டர்ஸ். படகுத்துறைகளுக்கு லைஃப் ஜாக்கெட் தைக்கும் சின்னப் பட்டறை ஒன்றில் தையலுக்குச் சேர்ந்து, சோதனைப் பிரிவுக்குப் போய், ஜாக்கெட்டை மணல் மூட்டையோடு தொட்டியில் மிதக்கவிட்டு மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே ஒருநாள், ஸ்கூபா நிலையம் நடத்திய பிஸ்வாஸ் தா வந்தார். 'தா' என்றால் அண்ணன், கொல்கத்தாவில் எல்லோருக்கும் எல்லோரும் தாதான், பெண்கள் என்றால் தீதி. கிழிந்த பிசிடி ஒன்றைக் கொடுத்து, தைக்க முடியுமா என்று கேட்டார். இது என்ன பிரமாதம் என்று அரை மணியில் தைத்துக் கொடுத்தேன். அவர் அதில் காற்றடைத்து எங்கள் தொட்டியிலேயே அமுக்கினார். நான் போட்ட ஒவ்வொரு தையலிலிருந்தும் ஒரு குமிழி. வரிசையாக, சரம் கட்டினாற்போல. வெளித்துணியோடு உள்ளே இருந்த காற்றுப்பையையும் சேர்த்துத் தைத்துத் தொலைத்திருக்கிறேன்!

பட்டறையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "தையல் நல்லா இருக்கு. எல்லா ஓட்டையும் ஒரே இடைவெளியில் இருக்கு" என்றார். அடுத்த மாதம் என்னை வேலைக்குக் கூப்பிட்டார்.

பிஸ்வாஸ் தா பேசியதெல்லாம் வங்காளத்தில், நான் தமிழாக்கி எழுதுகிறேன். பத்து வயதுப் பையனைக்கூட 'ஆப்னி' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். குரல் உயர்ந்து ஒருநாளும் கேட்டதில்லை. 'முடியாது' என்ற வார்த்தையையும் கேட்டதில்லை. யாராவது குளத்தில் சரியாகச் செய்யவில்லை என்றால், "ஆஜ் தாக்" என்பார். இன்றைக்கு இருக்கட்டும் என்று அர்த்தம். கேட்க மெத்தென்று இருக்கும், ஆனால் அவர் அப்படிச் சொல்லிவிட்டால் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லாமல் யாரும் எங்கள் ஆட்களோடு அந்தமான் தண்ணீரில் இறங்க முடியாது. சரி என்றால், "ஹோபே" என்பார். ஆகும் என்று அர்த்தம். கொம்பன்கள்கூட அவர் வாயிலிருந்து எது வருமோ என்று ஈர உடம்போடு குளக்கரையில் நிற்பார்கள்.

பிசிடி பார்க்கிற முறையை எனக்கு அவர்தான் காட்டினார். முதலில், காற்றை முழுக்க அடைக்க வேண்டும். மிஞ்சிய காற்று வால்வு வழியாக 'புஸ்' என்று தானே வெளியேறும்வரை. அப்படியே அரை மணி தொங்கவிட்டு, அமுக்கிப் பார்க்க வேண்டும். தொய்ந்திருந்தால் தொட்டியில் போட்டுக் குமிழி தேட வேண்டும். பொத்தான்களைப் பத்து முறையாவது அமுக்கவேண்டும். ஒட்டிக்கொண்டு திரும்பி வராவிட்டால் உள்ளே உப்பு. ஒவ்வொரு நாளும் பைக்குள் நல்ல தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வடிக்க வேண்டும்.

ஆளுக்கு மாட்டும்போது வேறு வரிசை. காற்றில்லாமல் மாட்டி எல்லா பட்டையையும் இறுக்குவேன். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் போக வேண்டும். பிறகு காற்றை நிரப்பி, மூச்சை நன்றாக இழுக்கச் சொல்வேன். பின்னால் போய் சிலிண்டர் தலையைப் பிடித்து மேலே தூக்குவேன். பிசிடி மட்டும் காது வரைக்கும் ஏறினால் பெரிசு, ஆளும் கூடவே எழும்பினால் சரி. பெரிசாக இருந்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறவர்கள் அதிகம். தொளதொளப்பானதுதான் தண்ணீரில் ஆளைப் புரட்டும். எல்லாம் முடிந்ததும், ஒவ்வொரு பட்டையும் கொக்கியிலிருந்து வெளியே வரும் இடத்தில் வெள்ளை நூலால் ஒரு முடிச்சுப் போடுவேன். பட்டை நழுவினால் நூல் காட்டிக்கொடுத்துவிடும். இது ஹவுராப் பட்டறை வழக்கம்.

இத்தனையும் நாளுக்கு எட்டுப் பேருக்குச் செய்து செய்து எனக்குத் திமிர் ஏறிவிட்டது. ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அளவு சொல்லிவிடுவேன், டேப்பே எடுக்கமாட்டேன். அந்தத் திமிரோடு இருந்த ஒரு வியாழக்கிழமைதான் ராஜி மாமி வந்தார்.

ஐம்பத்தெட்டு வயது இருக்கும். பக்கத்துத் தெருவில் வீடு, இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் தமிழ் பேசுவதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "ஐயோ, தமிழா! நல்லதாப் போச்சு, இந்த வயசுல கூத்தடிக்க வந்திருக்கேன்னு நினைக்காதேங்கோ" என்றார். பூஜை முடிந்து பொண்ணு, மாப்பிள்ளை, பேரன்கள், மாமா எல்லோரும் அந்தமான் போகிறார்களாம். இரண்டு மாதமாக லேக் பக்கம் நீச்சலும் கற்றுக்கொண்டாராம்.

சுரிதார், மேலே துப்பட்டா. துப்பட்டாவை எடுக்கச் சொன்னேன், "இருக்கட்டுமே" என்றார். சரி, கூச்சம் போலும் என்று விட்டுவிட்டேன். பார்த்த மாத்திரத்தில் நடுத்தர அளவு என்று தீர்மானித்து, எல்லோருக்கும் கொடுக்கும் சாதாரண பிசிடியை மாட்டினேன். இது விலாவைச் சுற்றிக் காற்று நிரம்பும் வகை, தண்ணீர் மட்டத்தில் நாற்காலியில் உட்காரவைத்த மாதிரி நிமிர்த்தி வைக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு அதுதான் தைரியம். மார்ப் பட்டையை இறுக்கினேன். காற்றை நிரப்பி மூச்சை இழுக்கச் சொன்னேன். கொஞ்சமாக இழுத்துவிட்டு, "பேஷா இருக்கு" என்றார். எதைக் கேட்டாலும் அவசரமாகத் தலையாட்டினார். அந்த அவசரம் என் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. நூல் முடிச்சுகளைப் போட்டு அவர் பெயரெழுதி மாட்டிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை குளம். அன்று ஆறு பேர். மாமி முழு நீச்சல் உடைக்கு மேல் தொளதொள டி-ஷர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, உடை மாற்றும் அறையிலிருந்து கடைசியாக வந்தார். முடிச்சு இருந்த இடத்திலேயே பட்டைகளைப் பூட்டி, மறுபடி விரல் விட்டுப் பார்க்காமலே இறக்கிவிட்டேன். பிஸ்வாஸ் தா தண்ணீருக்குள் இருந்தார். "காற்றை நிரப்புங்கள்" என்று சைகை காட்டினார். மாமி பொத்தானை அமுக்கினார்.

பிசிடி உப்பியதும் இடது பக்கம் மட்டும் தாடை வரைக்கும் ஏறிவிட்டது. சிலிண்டர் வலப் பக்கமாக உருண்டது, மாமியும் கூடவே சாய்ந்தார். ஒரு வாய் தண்ணீர் போயிற்று. காற்றை வெளியேற்ற இடது கையைத் தூக்கப் பார்த்தார், கை பாதியில் நின்றுவிட்டது. பிஸ்வாஸ் தா ஒரே எட்டில் சிலிண்டரைப் பிடித்து நிமிர்த்தி, கரைக்குக் கொண்டுவந்துவிட்டார். இருமல் நின்றதும் மாமி முதலில் சொன்னது "சாரி". அவரிடம், கூட இருந்தவர்களிடம், என்னிடம், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக "சாரி".

பயந்துபோனால் எனக்குக் கோபம்தான் வரும், பிறவிக் கோளாறு. மார்ப் பட்டை தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவ்வளவுதான், வாய் திறந்துவிட்டது.

"மாமி, நான் இறுக்கிக் கட்டினதை எதுக்கு அவுத்து விட்டீங்க? இது என்ன விளையாட்டுச் சாமானா? உசுரு போற காரியம்! உங்களுக்கு ஏதாவது ஆனா யாரு பதில் சொல்லுதது?"

கூட இருந்த ஐந்து பேருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் திட்டு எந்த மொழியில் இருந்தாலும் திட்டு என்று தெரியும். எல்லோரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமி மார்பின் குறுக்கே வலது கையை வைத்து டி-ஷர்ட்டைப் பிடித்துக்கொண்டு, "இல்லை... ஆமாம், என் தப்புதான்" என்றார்.

பிஸ்வாஸ் தா மெதுவாக, "ஆஜ் தாக், தீதி" என்றார். மாமி தலையாட்டிவிட்டுப் போனார்.

மத்தியானம் எல்லா பிசிடியையும் அலசிக்கொண்டிருந்தேன். மாமியுடையதைக் கையில் எடுத்ததும் பட்டையைப் பார்த்தேன். வெள்ளை நூல் நான் போட்ட இடத்திலேயே இருந்தது. எல்லா பட்டையிலும். ஒரு நூலிழைகூட நகரவில்லை. மாமி எதையும் அவிழ்க்கவில்லை. நான் இறுக்கிய அதே அளவுதான், ஆனால் அந்த அளவு அவருக்குத் தொளதொளத்திருக்கிறது. வியாழக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவில் ஒரு மனுஷி இளைத்துப்போவாளா?

செய்யாத தப்பை ஏன் ஒப்புக்கொண்டார்? எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

நேரே ஆபீஸ் அறைக்குப் போய் பிஸ்வாஸ் தாவிடம் நூலைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, மண் குவளையில் இருந்த டீயைக் குடித்து முடித்தார். எங்கள் நிலையத்தில் ஒரு விதி உண்டு. வருகிறவர்கள் தங்கள் உடல்நிலையை எழுதிக்கொடுக்கும் காகிதத்தை அவர் மட்டும்தான் படிப்பார். படித்துவிட்டு அலமாரியில் பூட்டிவிடுவார்.

"உங்களுக்குக் காரணம் தெரியும்" என்றேன்.

"தெரியும். டாக்டர் இறங்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், அதுவும் தெரியும்."

"அப்போ எனக்குச் சொல்லுங்க. தெரியாம நான் எப்படி மாட்டிவிடுவேன்?"

"அது அவர் என்னிடம் சொன்னது, கோமதி. உங்களிடம் சொன்னது இல்லை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களிடம் சொல்லலாமா என்று நான் அவரைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது என் தப்பு. ஆனால் பிசிடி உங்களுடையது. உடம்பைப் பற்றிக் கேட்க வேண்டாம், பிசிடியைப் பற்றிக் கேளுங்கள். ஏன் அவிழ்த்தீர்கள் என்று கேட்டீர்களே, எங்கே உறுத்துகிறது என்று கேட்டிருக்கலாமே."

அவர் மறைத்தது சரியா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. ஆனால் கடைசியில் சொன்னது சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் நான் அதைக் கேட்டதே இல்லை, யாரையும். "சரியா இருக்கா?" என்றுதான் கேட்பேன். அந்தக் கேள்விக்கு நம் ஜனங்கள் "சரியா இருக்கு" என்பதைத் தவிர வேறு என்ன பதில் சொல்லப்போகிறார்கள்?

மாமிக்குப் போன் போட்டேன். "வேண்டாம் கோமதி, நேக்குக் கொடுத்துவைக்கலை, அவ்வளவுதான். நீங்க சிரமப்படாதேங்கோ" என்று வைத்துவிட்டார். அவர்கள் கிளம்ப இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

மறுநாள் அந்த பிசிடியைப் பெரிய பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கே போனேன். கீழே காவலாளி, என்ன விற்க வந்திருக்கிறீர்கள் என்று வழிமறித்தான். மன்னிப்பு விற்க வந்திருக்கிறேன் என்றா சொல்ல முடியும்? சொந்தக்காரி என்றேன்.

மாமி கதவைத் திறந்து என்னையும் பையையும் பார்த்தார். காபி கொடுத்தார். மாமா பாங்குக்குப் போயிருந்தார். நான் பட்டையை வெளியே எடுத்து நூலைக் காட்டினேன்.

"மாமி, இந்த முடிச்சு நகரவே இல்ல. நீங்க அவுக்கல. நாந்தான் தப்பா மாட்டியிருக்கேன். அத்தனை பேரு முன்னால உங்களைத் திட்டிப்போட்டேன். ராத்திரி சோறு எறங்கல எனக்கு."

"போறது விடுங்கோ."

"விட மாட்டேன். நான் உங்களைப் பத்தி ஒண்ணும் கேக்க வரல. இதைப் பத்தி ஒரே ஒரு கேள்வி. நல்லா மூச்சு இழுத்தா எங்க உறுத்துது?"

மாமி எழுந்து போய் வாசல் கதவைத் தாளிட்டார். உள்ளே போனவர் கையில் எதையோ பொத்திக்கொண்டு வந்தார். என் மடியில் வைத்தார். மெல்லிய வெள்ளைத் துணிக்குள் பஞ்சு வைத்துத் தைத்த சின்ன மெத்தை. உள்ளங்கை அகலம், ஒரு பக்கம் உருண்டு, ஒரு பக்கம் தட்டையாக. எனக்கு அது என்னவென்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"மூணு வருஷம் ஆச்சு, எடது பக்கம் எடுத்து. கடையில விக்கறது கனமா இருந்துது, அதான் நானே தச்சுண்டேன். தண்ணியில போனா ஊறிக் கொட்டுமே, அதனால அன்னிக்கு ரூம்லயே கழட்டி வச்சுட்டேன். நீங்க அளவு பாக்கறப்போ இது உள்ள இருந்துது." என்னைப் பார்க்காமல் சொன்னார். "சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வரலை. ஆத்துல பொண்ணுக்கும் இவருக்கும் மட்டும்தான் தெரியும்."

அந்த மெத்தையைத் திருப்பிப் பார்த்தேன். ஓரத் தையல் அவ்வளவு பொடி, அவ்வளவு சீர்.

"தையல் நல்லா இருக்கு, மாமி. எல்லாம் ஒரே இடைவெளி" என்றேன்.

மாமி சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அழுதார். நானும்தான், அதில் என்ன வெட்கம்.

அதன்பிறகு எல்லாம் வந்தது. மார்புத் தழும்பு அக்குள்வரை போகிறது. பிசிடி உப்பினால் சரியாக அந்த இடத்தைத்தான் அமுக்குகிறது. இடது கை காதுக்கு மேல் உயராது. குழாயோ இடது தோளில்! காற்றை வெளியேற்ற அதைத்தானே உயர்த்தணும்? கையில்லாதவனிடம் வளையல் கொடுத்த மாதிரி ஒன்றை மாட்டிவிட்டு, அவரையே திட்டவும் செய்திருக்கிறேன்.

"இவ்வளவு கஷ்டத்தோட எதுக்கு மாமி இறங்கணும்னு ஆசை?" என்று கேட்டேன். வம்புக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

"பூரி, தீகா, கன்னியாகுமரி, எந்தக் கடலுக்குப் போனாலும் எல்லாரும் தண்ணிக்குள்ள ஓடிடுவா. நான் கரையில உக்காந்துண்டு எல்லாரோட செருப்பையும் பாத்துண்டிருப்பேன். முப்பத்தஞ்சு வருஷமா அதான் என் டிபார்ட்மென்ட். ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சப்போ, என்னமோ தெரியலை, செருப்பு ஞாபகம்தான் வந்துது. இன்னும் ஒரு தடவைகூட உள்ள போகலையேன்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ சொல்லு கோமதி, பேராசையா இது?" என்றார். அன்றைக்குத்தான் முதல்முறை 'நீ' என்றார்.

"பேராசையா? செருப்பு களவு போனா வேற வாங்கிக்கிடலாம். வாங்க, பாத்துக்கிடலாம்" என்றேன்.

ஸ்டோரில் ஒரு சாம்பல் நிற பிசிடி இருந்தது. யாருக்கும் பிடிக்காது. அதில் காற்று முதுகுப் பக்கம் மட்டும்தான் நிரம்பும், மார்பையும் விலாவையும் தொடாது. வலது தோளில் ஒரு கயிறு உண்டு, வலக்கையால் இழுத்தாலே போதும், காற்று வெளியேறிவிடும். குறை ஒன்றே ஒன்று. தண்ணீர் மட்டத்தில் காற்றை அதிகமாக நிரப்பினால் முதுகைத் தூக்கி, முகத்தை முன்னால் தள்ளும். அதற்குப் பயந்தே புதியவர்களுக்குக் கொடுக்கமாட்டோம். யாரும் தொடாவிட்டாலும் மாதம் ஒருமுறை அதையும் நிரப்பித் தொங்கவிட்டுப் பார்த்துத்தான் வைத்திருந்தேன்.

இடது தோள்பட்டைக்கும் மார்ப் பட்டைக்கும் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த பழைய காந்தாத் துணியை மடித்து உறை தைத்தேன். காற்றுப்பை இருக்கும் திசைக்கே ஊசியைக் கொண்டுபோகவில்லை, அந்தப் பாடம் ஏற்கெனவே படித்தாயிற்று. ஆளை அமிழ்த்த இடுப்பில் கட்டும் ஈயக் கட்டிகளில் இரண்டை முதுகுப் பக்கம் சிலிண்டரோடு மாற்றிக் கட்டினேன், அப்போதுதான் முகம் முன்னால் கவிழாது. இம்முறை மாமியை நீச்சல் உடையோடு, மெத்தை இல்லாமல், ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அளவெடுத்தேன். டேப் வைத்துத்தான். ஒவ்வொரு பட்டைக்கும், "இங்க உறுத்துதா? இங்க?" என்று கேட்டேன். மாமியும் வாயைத் திறந்து, "இங்க கொஞ்சம். ஆங், இப்போ இல்லை" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பிஸ்வாஸ் தா வியாழக்கிழமை காலை, வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் குளத்தைத் திறந்தார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாமி இறங்கினார். காற்றை நிரப்பியதும் முகம் முன்னால் போயிற்று. "மாமி, சாஞ்சுக்கிடுங்க! ஈசி சேர்ல சாயுத மாதிரி! காத்தைக் கொஞ்சம் விடுங்க!" என்று கரையிலிருந்து கத்தினேன். வலக்கை கயிற்றைத் தேடி இழுத்தது. 'புஸ்'. பின்னால் சாய்ந்தார். முகம் வானத்தைப் பார்த்தது. நிலைத்தது.

பிறகு இருவரும் கீழே போனார்கள். பன்னிரண்டடி ஆழம்தான், எனக்கு ஹூக்ளி நதி மாதிரி இருந்தது. குளக்கரையில் மண்டி போட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அடித்தரையைத் தொடாமல், மேலேயும் வராமல், ஒரு சாண் உயரத்தில் மாமி கிடைமட்டமாக நின்றார். ஆடவில்லை, சாயவில்லை. மூச்சு இழுத்தால் கொஞ்சம் எழும்பினார், விட்டால் கொஞ்சம் தாழ்ந்தார். குமிழிகள் மட்டும் சீராக மேலே வந்துகொண்டிருந்தன.

மேலே வந்ததும் வாயிலிருந்து குழாயை எடுத்துவிட்டு என்னைத்தான் தேடினார்.

"கோமதி, கீழ ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்துதுடி."

பிஸ்வாஸ் தா ஏணியைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி இல்லாத கண்ணை நனைந்த கையாலேயே துடைத்தார். அது குளத்துத் தண்ணீர்தான் என்று அவர் கடைசிவரை சாதித்தார். "ஹோபே" என்றார்.

அந்த சாம்பல் நிற பிசிடியை அந்தமானுக்கே எடுத்துப்போகச் சொன்னார். நான் பொத்தான்களைப் பத்துக்கு இருபது முறை அமுக்கிப் பார்த்து, நூல் முடிச்சுகளைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். அங்கே மாட்டிவிடும் பையன் பிடுங்கித் தொலைக்கக் கூடாது என்று, முடிச்சைத் தொடாதே என வங்காளத்திலும் இந்தியிலும் ஒரு சீட்டு எழுதிக் கட்டினேன்.

அதற்குப் பிறகு என் நாற்காலியிலிருந்து எழுந்த நாள்வரை எத்தனையோ பேருக்கு மாட்டிவிட்டேன். "சரியா இருக்கா?" என்று ஒருவரையும் கேட்டதில்லை. எங்கே உறுத்துகிறது என்றுதான் கேட்பேன். ஒரு போலீஸ்காரர் முதுகில் பழைய ஆபரேஷனில் வைத்த கம்பி இருப்பதைச் சொன்னார். ஒரு கல்லூரிப் பெண் ஒன்றும் சொல்லாமல் தோளை மட்டும் தொட்டுக்காட்டினாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை, பட்டையை மட்டும் மாற்றினேன்.

ரீனாவுக்கு அதைத்தான் சொல்லப் போகிறேன். பன்னிரண்டாவது கேள்வியாகக் கடைசியில் ஒட்டவைக்காதே அம்மா, முதல் கேள்வியாக வை. அந்த ஒன்றையாவது போனில் தட்ட விடாதே, எதிரே உட்காரவைத்துக் கேள். நிறத்தை வேண்டுமானால் எடுத்துவிடு.

மாமி கிளம்பிப் போய் நாலாம் நாள், நான் ஹவுரா போகும் படகுக்காக நின்றுகொண்டிருந்தபோது போனில் ஒரு படம் வந்தது. மாமியின் எண்ணிலிருந்து அவர் பெண், "அம்மா உள்ள போயிருக்கா" என்று எழுதி அனுப்பியிருந்தாள். மீன், பவளம் ஏதாவது இருக்கும் என்று ஆசையாகத் திறந்தேன். கடற்கரை மணல். பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு மாமா உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி வரிசையாக ஐந்து ஜோடி செருப்பு. மாமியின் நீல ஹவாய் செருப்பை மட்டும் கீழே வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் மாமி இல்லை.